பகல் சுருங்கும் மாதங்களில் மனதையும் மனிதர்களையும் கைவிடாமல் இருப்பது

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: குளிர்காலம் தொடங்கினாலே உடம்பு பாரமாகிவிடுகிறது, எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, அதே சமயம் தனிமையும் வாட்டுகிறது. இந்த மாதங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டாமல், நிம்மதியாகவும் நாலு பேரோடு ஒட்டுறவாகவும் கழிக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன, முதலில் அவற்றைப் பிரித்துவிடுகிறேன். வெளிச்சம் குறைவதால் உடம்பு தளர்வது ஒன்று. அந்தத் தளர்ச்சியில் நாம் மெல்ல மெல்ல மனிதர்களை விட்டு ஒதுங்குவது இன்னொன்று. முதலாவது பருவம் செய்கிற வேலை, அதோடு ஓரளவு ஒத்துப்போகத்தான் வேண்டும். இரண்டாவதுக்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன். வேகம் குறைந்ததற்காகத் தங்களைத் திட்டித் தீர்க்கிறார்கள். ஒதுங்கிப்போவதை மட்டும் ஓய்வு என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். குளிர்காலம் இவ்வளவு கனப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

உடம்பிலிருந்து தொடங்குவோம். நம் கண்ணில் பார்ப்பதற்கான செல்கள் தவிர இன்னொரு வகைச் செல்களும் உண்டு. அவற்றின் முக்கிய வேலை, சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்வது. விழித்திரையின் இந்தச் செல்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்று டேவிட் பெர்சன் குழுவினர் 2002-இல் காட்டினார்கள். இவை அனுப்பும் செய்தி மூளையின் அடியில் சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னத் திரளுக்குப் போகிறது. உடம்பின் நாள்கடிகாரம் அதுதான். எப்போது விழிக்க வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் எப்போது சுரக்க வேண்டும் என்பதையெல்லாம் அது ஒழுங்குபடுத்துகிறது. காலை வெளிச்சம்தான் அந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்து வைக்கிறது. அந்த வெளிச்சம் தாமதமாகவும் மங்கலாகவும் வந்தால் கடிகாரமும் பின்தங்குகிறது. எழுந்து வேலைக்குப் போன பிறகும் உடம்பு இன்னும் இரவிலேயே இருப்பது போன்ற உணர்வு வருவது இதனால்தான். இது சோம்பேறித்தனம் அல்ல. இதை வைத்து உங்களைப் பற்றி நீங்கள் எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை.

வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை, ஏனென்றால் நம் கண் மங்கலுக்குச் சட்டென்று பழகிக்கொள்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். வெயில் கொளுத்தும் நண்பகலில் வெளியே சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நல்ல வெளிச்சமுள்ள அலுவலகத்தில் 300 முதல் 500 லக்ஸ். வீட்டில் மாலை விளக்கொளியில் 100 லக்ஸ் தேறினாலே அதிகம். மேகம் மூடிய குளிர்காலப் பகலில்கூட வெளியே 1,000 லக்ஸுக்கு மேல், பல நேரம் அதைப்போல் சில மடங்கு இருக்கும். அதாவது "வெளியே இருட்டாகத்தானே இருக்கிறது, போய் என்ன ஆகப்போகிறது" என்று நீங்கள் நினைக்கும் அந்தச் சாம்பல் நிறப் பகலே, வீட்டுக்குள் நீங்கள் போட்டு வைத்திருக்கும் எல்லா விளக்குகளையும்விட மிகப் பிரகாசமானது. எனவே எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்: விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய் அரை மணி நேரம் நடங்கள். வேகமாக நடக்க வேண்டும் என்றில்லை. விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர் என்றால் மதிய இடைவேளையில் வெளியே வாருங்கள். ஜன்னல் ஓரத்தில் உட்காருவதும் உதவும், ஆனால் கண்ணாடியிலிருந்து சில அடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்தப் பருவச் சோர்வுக்கு மருத்துவத்தில் ஒரு வரலாறு உண்டு. தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்த மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தால் 1976-இல் நியூயார்க் வந்தார். வெயில் நிறைந்த ஊரிலிருந்து வந்தவருக்கு அங்கே குளிர்காலத்தில் ஊக்கம் வடிவதும் வசந்தத்தில் அது திரும்பி வருவதும் தன்னிடமே தெளிவாகத் தெரிந்தது. பிறகு அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, இதே மாதிரி ஆண்டுதோறும் அவதிப்பட்டவர்களை ஆராய்ந்து 1984-இல் கட்டுரை வெளியிட்டார். பருவகால மனச்சோர்வு என்று இன்று நாம் சொல்வது அதிலிருந்துதான் மருத்துவத்தில் நிலைபெற்றது. சாதாரண மனச்சோர்வில் பலருக்குத் தூக்கமும் பசியும் குறையும். இதில் பெரும்பாலும் நேர்மாறு. தூக்கம் கூடும், மாவுப் பண்டங்களிலும் இனிப்பிலும் நாட்டம் கூடும், எடை ஏறும், கைகால்கள் ஈயம்போல் கனக்கும்.

சிகிச்சைக்குரிய லைட் பாக்ஸ், அதாவது மிகப் பிரகாசமான ஒளி தரும் பெட்டி விளக்கு பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது பயனுள்ளதுதான், ஆனால் முறை தெரிந்து பயன்படுத்த வேண்டும். வழக்கமான அளவு 10,000 லக்ஸ், காலையில் எழுந்தவுடன் 20 முதல் 30 நிமிடம். அந்த 10,000 லக்ஸ் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார், அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால் பயன் சட்டென்று குறையும். விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. கண் திறந்திருக்க, அது பக்கவாட்டில் இருக்க, நீங்கள் எதையாவது படித்துக்கொண்டிருக்கலாம். புற ஊதாக் கதிர்களை வடிகட்டுகிற விளக்காக இருக்க வேண்டும். மாலையில் வைத்தால் தூக்கம் கெடும். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். இருமுனை மனநோய் உள்ளவர்கள், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள், ஒளிக்கூச்சம் தரும் மருந்துகள் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். முதல் வகையினருக்கு இது மனநிலையை எதிர்த் திசையில் மிகையாகத் தூண்டிவிடக்கூடும்.

விட்டமின் டி மாத்திரையைப் பற்றி ஒரு வரி. உடம்பில் அது குறைவாக இருந்தால் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும், எலும்புக்கு அவசியம். ஆனால் குளிர்கால மனச்சோர்வை அது போக்கும் என்பதற்கான ஆதாரம் பலவீனமானது. அதை விழுங்கிவிட்டு வெளிச்சத்தைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்து, காலண்டரை அறிந்துகொள்ளுங்கள். வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21-ஐ ஒட்டி மிகக் குறுகிய பகல் வருகிறது. லண்டனில் அன்று பகல் எட்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, ஆஸ்லோவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. தென் அரைக்கோளத்தில் இதெல்லாம் ஜூனில் நடக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: மிகச் சீக்கிரம் பொழுது சாயும் நாளும் மிகத் தாமதமாக விடியும் நாளும் ஒரே நாள் அல்ல. லண்டன் போன்ற இடங்களில் டிசம்பர் நடுவிலேயே மாலைகள் நீளத் தொடங்கிவிடும். ஆனால் காலைகள் ஆண்டின் கடைசி நாள்கள் வரை இன்னும் இருண்டுகொண்டே போகும். குளிரோ அதற்கும் பின்னால், ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான் உச்சத்துக்குப் போகும். "பகல் நீளத் தொடங்கிவிட்டதே, எனக்கு மட்டும் ஏன் சரியாகவில்லை" என்று ஜனவரியில் மனம் உடைபவர்களுக்கு இதைச் சொல்வேன். உங்கள் உடம்பு எதிர்பார்க்கும் காலை வெளிச்சம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வந்துகொண்டிருக்கிறது.

இனி நிம்மதிக்கு வருகிறேன். குளிர்காலத்தில் நிம்மதி கெடுவதற்கு இருட்டைவிட, கோடைகாலத்து நம்மோடு இப்போதைய நம்மை ஒப்பிடுவதே அதிகக் காரணம். பகல் நீண்ட மாதங்களில் செய்த அளவு வேலை, அந்தச் சுறுசுறுப்பு, அந்தத் திட்டங்கள் எல்லாவற்றையும் இப்போதும் எதிர்பார்க்கிறோம். நடக்காதபோது, "இந்த மூன்று மாதம் வீண்" என்று ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நார்வேயின் டிரோம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அமெரிக்க உளவியலாளர் காரி லீபோவிட்ஸ் அங்கே போய்த் தங்கி, நார்வே உளவியலாளர் ஒருவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். குளிர்காலத்தைச் சகித்துக்கொள்ள வேண்டிய தொல்லையாகப் பார்க்கிறார்களா, அதற்கே உரிய இன்பங்கள் உள்ள காலமாகப் பார்க்கிறார்களா என்பதே கேள்வி. வடக்கே போகப் போக, அதாவது குளிர்காலம் கடுமையாகக் கடுமையாக, மக்களின் பார்வை மேலும் சாதகமாக இருந்தது. அப்படிப்பட்ட பார்வை உள்ளவர்கள் வாழ்க்கையில் அதிக நிறைவும் காட்டினார்கள். பார்வையை மாற்றினால் மட்டும் போதும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் போய் "நல்லதாக நினைத்துக்கொள்" என்று சொல்வது கொடுமை. ஆனால் சாதாரணத் தொய்வில் இருக்கும் ஒருவருக்கு, இந்த மாதங்களிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்று தெரிவது பெரிய விடுதலை.

குளிர்காலத்துக்கென்றே சில வேலைகளை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். கோடையில் தொடாத வேலைகள். பழைய புகைப்படங்களை எடுத்துப் பெயரும் ஆண்டும் எழுதி அடுக்குவது, தடித்த ஒரு நாவலை மெதுவாகப் படிப்பது, தையலோ பின்னலோ, நீண்ட நாள் தள்ளிப்போட்ட ஒரு பாடத்தைக் கற்பது. கை மெதுவாக ஓடினாலும் கெட்டுப்போகாத வேலையாக இருக்க வேண்டும், அதுதான் தகுதி. மாலையில் கூரை விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கின் மஞ்சள் ஒளியில் இருங்கள். காலையில் நிறைய வெளிச்சம், இரவில் கொஞ்சம் என்ற வேறுபாட்டைத்தான் உடம்பு கேட்கிறது. எழும் நேரத்தை மட்டும் விடுமுறையிலும் மாற்றாதீர்கள். தூங்கப் போகும் நேரம் முன்பின் ஆகலாம், எழும் நேரம் நழுவினால் காலை வெளிச்சமும் நழுவிவிடும்.

ஓய்வுக்கும் ஒதுங்கலுக்கும் வேறுபாடு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு மாலையைத் தனியாகக் கழித்த பிறகு மறுநாள் ஒருவரைச் சந்திப்பது கொஞ்சம் எளிதாகத் தோன்றினால் அது ஓய்வு. இன்னும் கடினமாகத் தோன்றினால் அது ஒதுங்கல். படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டே நாலு மணி நேரம் போனால் அது இரண்டாவது வகை. பழைய மனத்தாங்கல்களையே மனம் சுற்றிச் சுற்றி வந்தால் அதுவும் அப்படித்தான்.

மனிதர்களோடு உள்ள உறவுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி, எனவே அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நார்வேயில் ரியூக்கன் என்றொரு சிறு தொழில் நகரம் இருக்கிறது. செங்குத்தான பள்ளத்தாக்கின் அடியில் கிடப்பதால் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம், செப்டம்பர் முதல் மார்ச் வரை, அங்கே நேரடி வெயில் விழாது. மலை உச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஊர் நிழலில் கிடக்கும். ஊர்க்காரர்கள் மேலே போய் வெயில் காய்வதற்காகவே அங்கிருந்த தொழில் நிறுவனம் 1928-இல் ஒரு கம்பிவட ஊர்தி அமைத்துக் கொடுத்தது. பெரிய கண்ணாடி வைத்து வெயிலைக் கீழே திருப்பலாம் என்ற பேச்சு 1913-லேயே எழுந்தது, அப்போது நடக்கவில்லை. அந்த ஊருக்குக் குடிவந்த ஒரு கலைஞர் வெயிலுக்கு ஏங்கி அந்த யோசனையை மறுபடி எடுத்தார். 2013 அக்டோபரில் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகள் வைத்தார்கள். கணினி அவற்றைச் சூரியனின் போக்குக்கு ஏற்பத் திருப்புகிறது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த வெயில் எங்கே விழுகிறது என்பது. வீடுகளின் மேல் விழவில்லை. ஊர்ச் சதுக்கத்தில் விழுகிறது. கண்ணாடிகள் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஊர் முழுக்க வெளிச்சம் தர அவற்றால் முடியாது. எனவே எல்லாரும் வந்து நிற்கக்கூடிய ஓரிடத்துக்கு வெயிலைத் திருப்பினார்கள். வெயில் வேண்டும் என்றால் வீட்டை விட்டு வர வேண்டும், வந்தால் அங்கே இன்னொருவர் நிற்பார். இருக்கும் கொஞ்ச ஊக்கத்தையும் குளிர்காலத்தில் நீங்கள் இப்படித்தான் செலவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பத்துப் பேரோடு தொடர்பை ஒரே மாதிரி காப்பாற்ற இப்போது தெம்பு இருக்காது. வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், ஓரிடம், இரண்டு மூன்று பேர். அது போதும், ஆனால் அது மாறக் கூடாது.

மாறக் கூடாது என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், குளிர்காலத்தில் நம்மைத் தோற்கடிப்பது சந்திப்பு அல்ல, சந்திப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அந்த நேரம். மாலை ஐந்து மணி, வெளியே இருட்டு, குளிர். அந்த நேரத்தில் மனதைக் கேட்டால் அது வேண்டாம் என்றுதான் சொல்லும். ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்டால் ஒவ்வொரு வாரமும் அதே பதில். நேரம் முன்பே நிச்சயமாக இருந்து, அங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்றால் கேட்கவே வேண்டியதில்லை, கிளம்பிவிடுவோம். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் நன்கு ஆதாரமுள்ள ஒரு முறையே இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது: மனநிலை சரியானதும் செயல்படலாம் என்று காத்திருக்காமல், சின்னச் செயலைத் திட்டமிட்டுச் செய்வது, மனநிலை அதன் பின்னால் வரும்.

சந்திப்பு என்றதும் உட்கார்ந்து பேசுவதை மட்டும் நினைக்காதீர்கள். தெம்பில்லாதபோது எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவது களைப்பு. பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதாவது செய்வது எளிது. சேர்ந்து நடக்கலாம், சமைக்கலாம், ஒரு பாடலைப் பழகலாம், பழுதான ஒன்றைச் சரிசெய்யலாம். பேச்சு நடுநடுவே வரும், வராவிட்டாலும் குறை இல்லை. காலை நடையை ஒருவரோடு சேர்ந்து நடந்தால் வெளிச்சமும் துணையும் ஒரே அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடர்பு விட்டுப்போனவர்கள் விஷயத்தில் நம்மைத் தடுப்பது ஒரே எண்ணம்: "இவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று பேசினால் என்ன நினைப்பார்கள்?" பெக்கி லியூவும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பல சோதனைகள், 5,900-க்கும் மேற்பட்டவர்கள். நாம் தொடர்புகொள்வது எதிராளிக்கு எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதை நாம் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று தெரிந்தது. எதிர்பாராத நேரத்தில் வந்தால் அந்த மகிழ்ச்சி இன்னும் கூடுதல். எனவே மன்னிப்புக் கேட்டு நீண்ட விளக்கம் எழுத வேண்டாம். "இன்று உன் ஞாபகம் வந்தது, எப்படி இருக்கிறாய்?" என்ற ஒரு மெசேஜ் போதும். பதில் தாமதமாக வந்தால் உங்களை ஒதுக்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் இது குளிர்காலம்தான்.

சுற்றிலும் கொண்டாட்டம் நடக்கும் நாள்களில், அண்மையில் ஒருவரை இழந்தவர்களுக்கும் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் வலி கூடும். அவர்களை ஒரு பெரிய கூட்டத்துக்கு அழைப்பதைவிட, கொண்டாட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு வரும் வெறுமையான வாரத்தில் போய்ப் பாருங்கள். அந்த வாரத்தில் யாரும் வருவதில்லை. நீங்களே சோர்ந்திருக்கும்போதும் இதைச் செய்யலாம். இன்னொருவருக்கு உதவியாக இருக்கிறோம் என்பது, நம் சோர்வைக் கொஞ்ச நேரம் மறக்க வைப்பதோடு, நாம் வேண்டப்பட்டவர் என்ற உணர்வையும் திருப்பித் தருகிறது. இது வெறும் மன ஆறுதல் அல்ல. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் சக ஆய்வாளர்களும் 2010-இல் 148 ஆய்வுகளைத் தொகுத்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக இருந்தது.

எப்போது இதையெல்லாம் தாண்டி மருத்துவரிடம் போக வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் மனம் இருண்டே கிடந்தால், பிடித்த எதிலும் ருசி இல்லாமல் போனால், வேலையோ வீடோ நடத்த முடியாமல் போனால், ஆண்டுதோறும் இதே மாதங்களில் இது திரும்பி வந்தால் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவ உதவியை நாடுங்கள். இதற்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. மருந்துகளில் புப்ரோபியான் என்பதைப் பருவகால மனச்சோர்வு வராமல் தடுப்பதற்காகவே அமெரிக்காவில் 2006-இல் அங்கீகரித்தார்கள். குளிர்காலம் தொடங்கும் முன்பே மருத்துவர் அதை ஆரம்பிப்பார். மருந்தில்லாத வழியும் உண்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி ரோஹன் குழுவினர் 177 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒளிச் சிகிச்சையும் இன்னொன்றுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு உதவின. ஆனால் இரண்டு குளிர்காலங்கள் கழித்துப் பார்த்தபோது, ஒளிச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்குச் சோர்வு திரும்பியிருந்தது. பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்குத்தான். விளக்கை ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும். கற்றுக்கொண்ட பழக்கமோ கூடவே இருக்கிறது.

எனவே இப்போது குளிர்காலத்தின் நடுவில் இருக்கிறீர்கள் என்றால் நாளைக் காலை நடையையும், ஒருவருக்கு ஒரு மெசேஜையும் மட்டும் தொடங்குங்கள், மற்றவை பிறகு. வாரச் சந்திப்புக்கான நாளையும் ஆளையும் அடுத்த இலையுதிர் காலத்தில், தெம்பு குறையும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். மார்ச் வந்து மனம் லேசானதும் அந்தச் சந்திப்பை நிறுத்திவிடாதீர்கள். உங்களோடு அங்கே வந்துகொண்டிருந்தவருக்கு வசந்தம் இன்னும் வந்திருக்காது, சிலருக்கு அது தாமதமாகத்தான் வருகிறது.